பனிக்கட்டி, நீர், நீராவி: துகள்கள் ஒன்றே, நிலைகள் ஏன் வேறு?

பருப்பொருளின் நிலைகளைப் பற்றிய பாடம் பெரும்பாலும் மூன்று வரையறைகளோடு தொடங்கும். திண்மத்துக்கு வடிவமும் உண்டு, கனஅளவும் உண்டு; திரவத்துக்குக் கனஅளவு உண்டு, தனக்கென ஒரு வடிவம் இல்லை; வாயுவுக்கு இரண்டுமே இல்லை. இவற்றில் பிழை எதுவும் இல்லை என்றாலும், கண்ணுக்குத் தெரிவதைத்தான் இவை சொல்கின்றன. அது ஏன் அப்படி இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. காரணம் தெரிய வேண்டுமானால் பொருளை ஆக்கியிருக்கும் துகள்களைப் பார்க்க வேண்டும்.

0.05 மில்லிலிட்டர் அளவுள்ள ஒரு சிறு நீர்த்துளியை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 1.7 கோடி கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது. அந்தத் துளி உறைந்து பனிக்கட்டியானாலும், சூடேறி நீராவியானாலும், அந்த மூலக்கூறுகள் அப்படியேதான் இருக்கின்றன. பனிக்கட்டி உருகும்போது மூலக்கூறு உருகுவதில்லை. நீர் கொதிக்கும்போது மூலக்கூறு உடைந்து ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிவதில்லை. சூடாக்கினால் இரும்புக் கம்பி நீள்வதும் இரும்பு அணுக்கள் பருத்துவிடுவதால் அன்று. அவற்றுக்கு இடையிலான சராசரித் தொலைவு சற்றுக் கூடுவதால்தான். தனியே பிரித்தெடுத்த ஒற்றை நீர் மூலக்கூறைக் காட்டி இது திண்மமா, திரவமா, வாயுவா என்று கேட்டால் அந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை. நிலை என்பது ஒரு துகளின் பண்பு அன்று, துகள் கூட்டத்தின் பண்பு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இந்தப் பாடத்தில் தொடக்கநிலையாளர்களைக் குழப்பும் பெரும்பாலானவை தாமாகவே தெளிந்துவிடும்.

கூட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பவை இரண்டு. முதலாவது, துகள்களுக்கு இடையேயான கவர்ச்சி விசை. இது துகள்கள் மிக நெருங்கியிருக்கும்போது வலுவாகவும், சற்று விலகினாலே வெகுவாகக் குறைந்தும் செயல்படுகிறது. இரண்டாவது, துகள்களின் ஓயாத இயக்கம். வெப்பநிலை என்று நாம் அளப்பது, இந்த இயக்கத்தின் சராசரி ஆற்றலைத்தான். கவர்ச்சி துகள்களைச் சேர்த்துப் பிடிக்கப் பார்க்கிறது. இயக்கம் அவற்றைச் சிதறடிக்கப் பார்க்கிறது. கவர்ச்சியின் கை ஓங்கியிருந்தால் திண்மம், இயக்கத்தின் கை முழுமையாக ஓங்கிவிட்டால் வாயு, சேர்த்து வைக்கக் கவர்ச்சிக்கு வலுவிருந்தும் இடத்தில் நிறுத்தி வைக்க வலுவில்லையென்றால் திரவம். அறை வெப்பநிலையில் இரும்பு திண்மமாகவும் நீர் திரவமாகவும் ஆக்சிஜன் வாயுவாகவும் இருப்பதற்குக் காரணம், மூன்றிலும் துகள்களுக்கு இடையேயான கவர்ச்சி ஒரே அளவில் இல்லாததுதான்.

துகள்கள் ஓயாமல் இயங்குகின்றன என்பதற்கு என்ன சான்று என்று கேட்பது நியாயமான கேள்வி. 1827-இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர், மகரந்தத் தூளின் உள்ளிருந்து வெளிப்பட்ட மிக நுண்ணிய துணுக்குகள் நீரில் இடைவிடாமல் தள்ளாடுவதை நுண்ணோக்கியில் கண்டார். மகரந்தத் தூளே குதித்தாடியதாகப் பல பாடநூல்கள் எழுதுகின்றன. அத்தூள் அப்படி ஆட முடியாத அளவுக்குப் பெரியது. உயிருள்ளவை என்பதால் ஆடுகின்றனவோ என்று ஐயுற்ற பிரவுன், கல்லையும் கண்ணாடியையும் பொடித்து நீரில் இட்டுப் பார்த்தார். அந்தத் துணுக்குகளும் அவ்வாறே ஆடின. கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கங்களிலிருந்தும் சமமின்றி மோதுவதால் இது நிகழ்கிறது என்பதை 1905-இல் ஐன்ஸ்டீன் கணக்கிட்டுக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் ழான் பெரின் செய்த அளவீடுகள் அந்தக் கணக்கோடு ஒத்துப்போயின. அணுக்கள் உண்மையில் இருக்கின்றனவா என்ற பழைய வழக்கு அத்துடன் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது; 1926-இல் பெரினுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

அதே நெரிசல், வேறு ஒழுங்கு

திண்மத்தில் ஒவ்வொரு துகளுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைவிட்டு அது எளிதில் நகர்வதில்லை. ஆனால் அசையாமலும் இருப்பதில்லை. தன் இடத்தில் இருந்தபடியே நொடிக்கு லட்சம் கோடி முறைக்கு மேல் அதிர்கிறது. உப்பு, பனிக்கட்டி, உலோகங்கள் போன்றவற்றில் இந்த இடங்கள் ஒரே பாங்கு திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கில் அமைந்திருக்கின்றன. அதையே படிகம் என்கிறோம். உப்புத்தூளை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தால் சின்னஞ்சிறு கனசதுரங்கள் தெரிவதற்கு, உள்ளே சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் (அயனி என்பது மின்னூட்டம் பெற்ற அணு) அதே கனசதுர ஒழுங்கில் அடுக்கப்பட்டிருப்பதே காரணம்.

திரவத்தைப் பற்றித்தான் இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. பாடநூல் படங்களில் திண்மத்துக்கு நெருக்கமான வட்டங்களும், திரவத்துக்குச் சற்று விலகிய வட்டங்களும், வாயுவுக்கு இன்னும் கொஞ்சம் விலகிய வட்டங்களும் வரைந்திருப்பார்கள். திரவம் என்பது திண்மத்துக்கும் வாயுவுக்கும் நட்டநடுவில் இருக்கும் ஒன்று என்ற எண்ணத்தை அந்தப் படம் ஊட்டிவிடுகிறது. அது பெருந்தவறு என்பது என் கருத்து. பெரும்பாலான உலோகங்கள் உருகும்போது அவற்றின் கனஅளவு சில விழுக்காடுதான் கூடுகிறது. அதாவது திரவத்திலும் துகள்கள் ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. மாறியது நெருக்கம் அன்று, ஒழுங்கு. திரவத்துகள் தன் அண்டைத் துகள்களை விட்டு ஓடிவிடுவதில்லை, ஆனால் அண்டைத் துகள்களை மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஒன்றன் பக்கத்திலிருந்து வழுக்கி இன்னொன்றன் பக்கத்துக்குப் போகிறது. அதனால்தான் திரவம் பாய்கிறது, பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. ஆயினும் அதன் கனஅளவு மாறுவதில்லை.

நீர் ஒரு படி மேலே போய்ப் படத்தையே தலைகீழாக்கிவிடுகிறது. பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் ஹைட்ரஜன் பிணைப்புகளால், அதாவது ஒன்றின் ஹைட்ரஜனுக்கும் அடுத்ததன் ஆக்சிஜனுக்கும் இடையிலான கவர்ச்சியால், நான்கு மூலக்கூறுகளோடு பிணைந்து, நடுவே வெற்றிடங்கள் விட்ட ஒரு திறந்த கட்டமைப்பில் நிற்கிறது. உருகும்போது அந்தக் கட்டமைப்பு ஓரளவு குலைந்து, மூலக்கூறுகள் அந்த இடைவெளிகளுக்குள் சரிகின்றன. அதனால் நீரில் மூலக்கூறுகள் பனிக்கட்டியில் இருப்பதைவிட நெருக்கமாக இருக்கின்றன. நீர் உறையும்போது கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுவதும், பனிக்கட்டி பத்தில் ஒன்பது பங்கு மூழ்கியபடி நீரில் மிதப்பதும், மூடிய கண்ணாடிப் புட்டியில் நீர் உறைந்தால் புட்டி வெடிப்பதும் இதனால்தான். நீரின் அடர்த்தி மிக அதிகமாக இருப்பது உறைநிலையில் அன்று, 4 டிகிரி செல்சியஸில்.

உண்மையான இடைவெளி

வாயுவுக்கு வரும்போதுதான் காட்சி அடியோடு மாறுகிறது. 100 டிகிரியில் இருக்கும் நீர் அதே வெப்பநிலையில், இயல்பான வளிமண்டல அழுத்தத்தில், முழுவதும் ஆவியானால் அதன் கனஅளவு ஏறத்தாழ 1,600 மடங்காகிவிடுகிறது. கனஅளவு 1,600 மடங்கு என்றால் மூலக்கூறுகளுக்கு இடையிலான சராசரித் தொலைவு ஏறத்தாழ 12 மடங்கு. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தவை தம் பருமனைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு தள்ளிப் போய்விடுகின்றன. அந்தத் தொலைவில் கவர்ச்சி விசை ஏறக்குறைய இல்லாததற்குச் சமம். நடுவே இருப்பது காற்று என்று சிலர் நினைப்பதுண்டு. நடுவே எதுவும் இல்லை, வெறும் வெற்றிடம்தான்.

ஊசி இல்லாத ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சு இருந்தால் இந்த வேறுபாட்டைக் கையாலேயே உணரலாம். அதில் பாதி அளவு காற்றை இழுத்து, நுனியை விரலால் இறுக மூடிக்கொண்டு தண்டை அழுத்தினால், தண்டு கணிசமான தூரம் உள்ளே போகும். விட்டவுடன் திரும்பி வரும். அழுத்த அழுத்த எதிர்ப்பு கூடிக்கொண்டே போவதும் தெரியும். இப்போது குமிழி ஏதும் இல்லாமல் நீரை நிரப்பி அதையே செய்தால், தண்டு அசைய மறுக்கும். காற்றின் துகள்களுக்கு நடுவே ஒதுங்கிக்கொடுக்க இடம் இருந்தது. நீரின் துகள்களுக்கு நடுவே இல்லை. வெப்பநிலை மாறாதிருக்க, வாயுவின் கனஅளவைப் பாதியாக்கினால் அழுத்தம் இரு மடங்காகும் என்பதை ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்டார். அதற்கான காரணத்தைத் துகள்களைக் கொண்டு முதன்முதலில் தெளிவாக விளக்கியவர் டேனியல் பெர்னூலி, ஆண்டு 1738. வாயுத் துகள்கள் கலனின் சுவரில் ஓயாமல் மோதுவதே அழுத்தம். இடம் பாதியானால் சுவரின் ஒவ்வொரு பகுதியிலும் மோதல்கள் இரு மடங்காகின்றன.

மோதல்கள் எத்தனை என்பது மலைப்பூட்டும் கணக்கு. அறை வெப்பநிலையில் காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறின் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 470 மீட்டர். மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கும் மேல். அப்படியானால் அறையின் ஒரு மூலையில் திறந்த நறுமணப் புட்டியின் மணம் கண்ணிமைப்பதற்குள் மறுமூலைக்கு எட்ட வேண்டுமே? எட்டாததற்குக் காரணம், ஒரு மூலக்கூறு சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் 15,000-இல் ஒரு பங்கு தூரம் போவதற்குள் இன்னொன்றின் மீது மோதித் திசை மாறிவிடுகிறது. இப்படி நொடிக்குப் பல நூறு கோடி மோதல்கள். ஓட்டம் வேகமானது, ஆனால் முன்னேற்றம் மெதுவானது. அசைவற்ற காற்றில் விரவல், அதாவது மூலக்கூறுகள் மோதி மோதித் தாமாகப் பரவுவது, மட்டுமே மணத்தைக் கொண்டுபோக வேண்டியிருந்தால் அதற்கு மணிக்கணக்கில் ஆகும். சில நிமிடங்களில் மணம் வந்துசேர்கிறதென்றால் அதில் பெரும்பங்கு அறைக்குள் இயல்பாகவே இருக்கும் காற்றோட்டத்தின் வேலை.

தெர்மாமீட்டர் ஏன் நகர மறுக்கிறது?

ஒரு கலனில் 0 டிகிரியில் இருக்கும் பனிக்கட்டியை இட்டு, அதற்குள் தெர்மாமீட்டரைச் செருகி, மாறாத சீரான வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டு, கிளறியபடி கவனிப்போம். பனிக்கட்டி உருகத் தொடங்குகிறது. ஆனால் தெர்மாமீட்டர் 0 டிகிரியிலேயே நிற்கிறது. கடைசித் துண்டு உருகி முடியும் வரை அது நகர்வதில்லை. பிறகு சீராக ஏறி 100 டிகிரியை எட்டுகிறது. அங்கே மீண்டும் நின்றுவிடுகிறது. நீர் முழுவதும் ஆவியாகும் வரை அதே அளவுதான். வெப்பத்தை நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அது எங்கே போகிறது?

வெப்பநிலை துகள்களின் இயக்கத்தை மட்டுமே காட்டுகிறது. உருகும்போதும் கொதிக்கும்போதும் கொடுக்கும் ஆற்றல் துகள்களை வேகப்படுத்தச் செலவாவதில்லை. கவர்ச்சியை மீறி அவற்றை விடுவிக்கச் செலவாகிறது. 1760-களில் இதை ஆராய்ந்த ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜோசப் பிளாக் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயரிட்டார். ஒரு கிராம் பனிக்கட்டியை 0 டிகிரியிலேயே நீராக்க 334 ஜூல் வேண்டும். அந்த நீரை 100 டிகிரி வரை சூடாக்க ஏறத்தாழ 418 ஜூல். அதே 100 டிகிரியில் அதை நீராவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல். வெப்பம் வீணாகாமல் சீராகக் கிடைப்பதாகக் கொண்டால், பனிக்கட்டி உருக 8 நிமிடம் பிடிக்கும்போது, நீர் கொதிநிலையை எட்ட 10 நிமிடமும், முழுவதும் ஆவியாக 54 நிமிடமும் பிடிக்கும்.

இந்த மூன்று எண்களையும் பாடநூல் படத்தோடு பொருத்திப் பார்த்தால் முன்பு சொன்னது மீண்டும் உறுதியாகும். திண்மத்திலிருந்து திரவத்துக்குப் போக, பிணைப்புகளில் ஒரு பகுதியைத் தளர்த்தினால் போதும். திரவத்திலிருந்து வாயுவுக்குப் போக, மிச்சமிருக்கும் எல்லாப் பிணைப்பையும் அறுத்தாக வேண்டும். திரவம் திண்மத்துக்கு நெருங்கிய உறவு. வாயு தொலைவில் இருப்பது. நீராவி தோலில் பட்டால் அதே வெப்பநிலையிலுள்ள நீரைவிடக் கடுமையாகச் சுடுவதற்கும் இதுவே காரணம்: அது நீராகச் சுருங்கும்போது அந்த 2,260 ஜூலையும் தோலில் விட்டுவிடுகிறது.

100 டிகிரியில்தான் நீர் ஆவியாகும் என்றால் ஈரத்துணி எப்படி உலர்கிறது? ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை; சில மெதுவாகவும், பல நடுத்தரமாகவும், சில மிக வேகமாகவும் இயங்குகின்றன. இந்தப் பரவலைக் கணித வடிவில் தந்தவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், 1860-இல். திரவத்தின் மேற்பரப்பில் இருக்கும் மிக வேகமானவை மட்டும் எந்த வெப்பநிலையிலும் தப்பித்து வெளியேறுகின்றன. வேகமானவை போய்விட்டால் எஞ்சியவற்றின் சராசரி வேகம் குறைகிறது. அதாவது திரவம் குளிர்கிறது. வியர்வை உடலைக் குளிர்விப்பது இவ்வழியில்தான்.

கொதித்தல் வேறு. அங்கே மேற்பரப்பில் மட்டுமின்றித் திரவத்தின் உள்ளேயே ஆவிக்குமிழிகள் உண்டாகின்றன. நீரைச் சூடாக்கத் தொடங்கியதும் கலனின் ஓரங்களில் ஒட்டும் சின்னக் குமிழிகள் நீரில் கரைந்திருந்த காற்று. ஆனால் தளதளவென்று கொதிக்கும்போது எழும் பெரிய குமிழிகளில் இருப்பது நீராவி. வெளியே அழுத்தும் காற்றை எதிர்த்து நிற்கும் அளவுக்குக் குமிழிக்குள் ஆவியின் அழுத்தம் உயர்ந்தால்தான் குமிழி நசுங்காமல் மேலே வர முடியும். ஆகவே வெளி அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். எவரெஸ்ட் உச்சியில் நீர் ஏறத்தாழ 70 டிகிரியிலேயே கொதித்துவிடும். கெண்டியின் மூக்கிலிருந்து வெண்மையாக எழுவதை நீராவி என்று சொல்லிப் பழகிவிட்டோம். கூர்ந்து பார்த்தால் மூக்கின் வாயை ஒட்டிச் சிறிது தூரம் எதுவுமே இல்லாததுபோல் தெளிவாக இருக்கும். வெண்மை அதற்கு அப்பால்தான் தொடங்கும். தெளிவாக இருக்கும் அந்தப் பகுதியே நீராவி. வெண்மையாகத் தெரிவது, குளிர்ந்த காற்றில் பட்டு மீண்டும் திரவமாகிவிட்ட நுண்துளிகள்.

சில பொருள்கள் திரவநிலையைத் தொடாமலேயே திண்மத்திலிருந்து வாயுவாகின்றன, இது பதங்கமாதல். அந்துருண்டை நாளடைவில் சிறுத்துப்போவது இப்படித்தான். உலர்பனி எனப்படும் திண்ம கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78.5 டிகிரியில் நேரடியாக வாயுவாகிறது. அதைத் திரவமாகப் பார்க்க வேண்டுமானால் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் தேவை.

வரையறைக்குள் அடங்காதவை

இயற்கை நம் மூன்று பெட்டிகளுக்குள் ஒழுங்காக உட்கார்ந்துகொள்வதில்லை. மணல் கொட்டினால் பாய்கிறது, ஆனால் அதன் ஒவ்வொரு பருக்கையும் திண்மம். இது எளிதாகத் தீரும் சிக்கல். கண்ணாடி அப்படிப்பட்டதன்று. அதன் துகள்கள் திரவத்தில் இருப்பதுபோல ஒழுங்கின்றிக் கிடக்கின்றன, ஆனால் திண்மத்தில் இருப்பதுபோல இடத்தைவிட்டு நகர்வதில்லை. இதைப் படிக உருவற்ற திண்மம் என்பார்கள். பழைய தேவாலயச் சன்னல்களின் கண்ணாடி அடிப்பக்கம் தடித்திருப்பதைக் காட்டி, கண்ணாடி நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல வழிகிறது என்று சொல்லும் ஒரு கதை உண்டு. அது தவறு, அந்தக் காலத்துச் செய்முறையில் தகடுகள் சீரான தடிமனில் அமையவில்லை என்பதே உண்மை.

வழிவது உண்மையான ஒரு பொருளும் இருக்கிறது. சுத்தியலால் அடித்தால் சில்லுச்சில்லாக உடையும் தார் வகையான பிட்ச், உண்மையில் மிகமிகப் பாகுத்தன்மை கொண்ட ஒரு திரவம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் 1927-இல் அதைச் சூடாக்கி ஒரு புனலில் ஊற்றினார். படிவதற்கு விட்டு, 1930-இல் புனலின் அடியைத் திறந்தார். அன்றிலிருந்து அது சொட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்பதாவது சொட்டு பிரிந்தது 2014-இல். திண்மமா திரவமா என்ற கேள்விக்கு, எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதும் விடையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையிலான கோடுகூட எல்லா இடத்திலும் இல்லை. நீரை 374 டிகிரிக்கு மேல், வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ 218 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வைத்தால், திரவம் இது, ஆவி இது என்று பிரித்துக்காட்டும் மேற்பரப்பே மறைந்துவிடும்.

வெப்பநிலையை இன்னும் பல ஆயிரம் டிகிரிக்கு உயர்த்தினால் துகள்களே தம் முழுமையை இழக்கின்றன. அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்து திரியும் கூட்டமாகிவிடுகிறது, இதுவே பிளாஸ்மா. கூட்டத்தின் உறுப்பே மாறிவிடுவதால், முதல் மூன்று நிலைகளிலிருந்து இது அடிப்படையில் வேறுபட்டது. இது மின்சாரத்தைக் கடத்தும், காந்தப்புலத்துக்கு வளைந்துகொடுக்கும். சூரியனும் பிற விண்மீன்களும் பிளாஸ்மா. மின்னல் பாயும் வழியும், ஒளிரும் நியான் குழாயின் உட்புறமும் அவ்வாறே. இந்தப் பெயரை 1928-இல் இட்டவர் இர்விங் லாங்முயர்.

எதிர்த்திசையில், வெப்பநிலையைக் குறைத்துக்கொண்டே போனாலும் எதிர்பாராதவை நிகழ்கின்றன. சத்தியேந்திர நாத் போஸ் 1924-இல் எழுதிய கட்டுரையை ஐன்ஸ்டீன் விரிவுபடுத்தியபோது, மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் ஒருவகைத் துகள்கள் அனைத்தும் ஒரே குவாண்டம் நிலையில் (அணு அளவிலான விதிகள் அனுமதிக்கும் மிகத் தாழ்ந்த ஒரே ஆற்றல் நிலையில்) வந்து சேர்ந்துவிடும் என்ற முடிவு கிடைத்தது. போஸ்-ஐன்ஸ்டீன் சுருக்கம் எனப்படும் இந்த நிலையை, ரூபிடியம் அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு (குளிர்ச்சியின் கடைசி எல்லைக்கு) மேல் ஒரு டிகிரியின் கோடியில் சில பங்கு வரை குளிர்வித்து, எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் 1995-இல் உருவாக்கிக் காட்டினார்கள்.

தனிச்சுழி வெப்பநிலையான மைனஸ் 273.15 டிகிரியில் துகள்களின் இயக்கம் முற்றிலும் நின்றுவிடும் என்று பல நூல்களில் இருக்கும். அதை அப்படியே ஏற்க முடியாது என்பதற்கு ஹீலியமே சாட்சி. அதன் அணுக்களுக்கு இடையேயான கவர்ச்சி மிகவும் வலுவற்றது. குவாண்டம் விதிகளின்படி எந்தக் குளிரிலும் எஞ்சியிருக்கும் சிறு இயக்கமே அந்தக் கவர்ச்சியை வென்றுவிடப் போதுமானது. அதனால் இயல்பான அழுத்தத்தில் ஹீலியத்தை எவ்வளவு குளிர்வித்தாலும் அது திரவமாகவே இருக்கும். அதை உறைய வைக்க, குளிரோடு வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ 25 மடங்கு அழுத்தமும் கொடுத்தாக வேண்டும்.